பால்டிக் கடற்பயணம்: தாலினில் ஒரு பகல்

மூன்றாம் நாள், இரவு

மணி பத்தாகிறது, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். ஸ்டாக்ஹோமை விட்டுக் கிளம்பிய கப்பல் மாலை முழுவதும் தீவுகளுக்கு நடுவே தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்து, இப்போதுதான் திறந்த கடலைத் தொட்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் இருட்டு என்பது பேருக்குத்தான்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் அறைக் கதவில் நாளைய நிகழ்ச்சித் தாள் செருகியிருந்தது. காலை 8 மணிக்குத் தாலின், எஸ்தோனியாவின் தலைநகரம். மாலை 4.30க்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், 5 மணிக்குக் கப்பல் கிளம்பும். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கவும். ஸ்வீடனைவிட எஸ்தோனியா ஒரு மணி நேரம் முன்னே போகிறது.

கப்பல்காரர்களின் பேருந்துச் சுற்றுலாவில் நாங்கள் சேரவில்லை. தலைநகரத்துக்குப் போகிறோம் என்று கப்பலில் சொன்னாலும், பல ஊர்களில் தலைநகரம் துறைமுகத்திலிருந்து வெகுதூரம். ரோமைப் பார்க்க சிவிதாவெக்கியாவில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். பெர்லின் என்றால் வார்னமுண்டேயில் இறங்கிப் போவதற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். தாலினில் அந்தக் கவலை கிடையாது. கப்பலிலிருந்து இறங்கி இருபது நிமிடம் நடந்தால் மதில் சூழ்ந்த பழைய நகரம் வந்துவிடும். நடக்கத் தெம்பிருக்கும்போது பேருந்து எதற்கு என்றாள் அக்கா.

அக்கா முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனையில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தாலினில் அவள் பார்க்க ஆசைப்படுவது ஒரே ஒரு மருந்துக் கடை. நான் பார்க்க ஆசைப்படுவது ஒரே ஒரு மைதானம். இரண்டு இடத்திலும் அவசரப்படாமல் உட்கார்ந்து எழுந்து வருவது, மற்றதெல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் போதும் என்று பேசி முடித்துவிட்டுப் படுக்கிறோம்.

நான்காம் நாள்

கடிகாரத்தைத் தள்ளி வைக்க மறந்துபோனது. கைபேசி தானே மாற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். அது விமானப் பயன்முறையில் இருந்ததால் ஸ்வீடன் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணி என்று நிதானமாக எழுந்தால் கப்பல் கரையில் கட்டியாகிவிட்டது, ஊர் நேரம் எட்டு. கப்பலில் போகிற யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்: கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், அதில் கப்பல் நேரத்தை மட்டும் வையுங்கள், நாள் முழுக்க அதை மட்டும் பாருங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

ஒன்பதே கால் மணிக்கு இறங்கினோம். விசா விஷயமும் கேட்பீர்கள். டென்மார்க், ஸ்வீடன், எஸ்தோனியா, பின்லாந்து எல்லாமே ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள். எஸ்தோனியா 2007 டிசம்பரில் சேர்ந்தது. கையில் இருக்கும் ஷெங்கன் விசாவே போதும். 2011இலிருந்து இங்கே யூரோதான் என்பதால், ஸ்டாக்ஹோமில் மிஞ்சிய குரோனாவைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டோம்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்து நேரே நடந்தால், முன்னால் ஊசி மாதிரி ஒரு கோபுரம் வழிகாட்டுகிறது. ஓலெவிஸ்தே தேவாலயத்தின் கோபுரம், உயரம் ஏறக்குறைய 124 மீட்டர். கப்பல்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் அடையாளமாக இருந்தது அதுதான். அடுத்து மதில் வாசல், அதை ஒட்டிக் குண்டாக ஒரு பீரங்கிக் கோட்டை. அதற்குக் 'குண்டு மார்கரெட்' என்று ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர். இப்போது உள்ளே கடல்சார் அருங்காட்சியகம்.

வாசலுக்குள் நுழைய வேண்டிய நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம். கோட்டைக்குப் பக்கத்து மேட்டிலிருந்து கறுப்பாக ஒரு வளைவு எழும்பி, பாலம் போலக் காற்றில் நீண்டு, பாதியில் அறுந்து நிற்கிறது. அறுந்த மறுபாதி சற்றுத் தள்ளி இருக்கிறது. 'அறுந்த கோடு' என்பதே இந்த நினைவுச் சின்னத்தின் பெயர். 1994 செப்டம்பர் 27 மாலை இதே தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பிய 'எஸ்தோனியா' என்ற பயணிகள் கப்பலில் 989 பேர் இருந்தார்கள். நள்ளிரவு தாண்டிப் புயலில் அலை அடித்து முகப்புக் கதவு பிய்ந்து போனது. வண்டிகள் நிற்கும் தளத்துக்குள் கடல் புகுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் 137 பேர், போனவர்கள் 852 பேர்.

இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் அக்காவின் விரல் நின்று நின்று போனது. நேற்றிரவு நாங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்த கடல் அது, அவர்கள் போன வழியில்தான் நாங்கள் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம். பயணத்தின் முதல் நாள் கப்பலில் அபாய ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது, சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு எழுந்து போகவே மனமில்லை. இனி எந்தக் கப்பலில் ஏறினாலும் அந்த ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

சரி, உள்ளே போவோம் என்று அக்காதான் கிளப்பினாள்.

வாசலுக்குள்ளே நீளும் தெருவின் பெயர் பிக். பொருளும் அதுதான், நீளமான தெரு. ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இந்த ஊர் 1285இல் சேர்ந்தது. அப்போது ஊர்ப்பெயர் ரேவால். உப்பும் துணியும் மேற்கிலிருந்து வரும், மெழுகும் தோலும் கிழக்கிலிருந்து வரும், இரண்டும் இந்தத் தெரு வழியாகத்தான் போய்வரும். வீடுகளின் உச்சியில் இன்னும் பாரம் தூக்கும் உத்திரங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே குடித்தனம், மேலே கிடங்கு. மூன்று வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இடத்துக்கு 'மூன்று சகோதரிகள்' என்று பெயர், எஸ்தோனிய மொழியில் 'கோல்ம் ஒதே'. இந்த 'ஒதே' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

59ஆம் எண் கட்டடத்தில் நிலவறை ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். சோவியத் காலத்தில் அவர்களுடைய ரகசியப் போலீஸான கேஜிபி இருந்த இடம். உள்ளே நடக்கும் விசாரணையின் சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று அடைத்தது. 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் இந்தச் சின்ன நாட்டிலிருந்து 20,000 பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும். நாங்கள் உள்ளே போகவில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்தால் வெள்ளைச் சுவரோடு அடக்கமாக ஒரு தேவாலயம், பெயர் தூய ஆவி தேவாலயம். சுவரில் நீலமும் பொன்னுமாகச் செதுக்கிய மரக் கடிகாரம், 1684ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தேவாலயத்தைப் பார்க்க வந்தது வேறு காரணத்துக்காக. ஊரை ஆண்டவர்களும் வணிகர்களும் ஜெர்மன் பேசினார்கள். வேலைக்காரர்களும் சுமைகூலிகளும் எஸ்தோனியன் பேசினார்கள். அந்த எளிய மக்களின் மொழியில் பிரசங்கம் நடந்த இடம் இது. இங்கே போதகராக இருந்த யோஹான் கோல் என்பவர் மொழிபெயர்த்த சமயப் பாடநூல் 1535இல் விட்டன்பர்கில் அச்சானது. பக்கத்தில் பாதி எஸ்தோனிய மொழி. அந்த மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அச்சு நூல் அதுதான். பிழைகள் இருக்கின்றன என்று சொல்லி அப்போதே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். சில பக்கங்கள் மட்டும் வேறொரு புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிக்கிடந்து 1929இல் வெளியே வந்தன.

தமிழ் எழுத்தில் முதல் நூல் கொல்லத்தில் அச்சேறியது 1578இல். நாற்பத்து மூன்று வருட இடைவெளியில், உலகத்தின் இரண்டு மூலையில், இரண்டு மொழிகள் ஈய எழுத்துக்கு வந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் மதம் பரப்ப வந்தவர்கள்தான். தமிழுக்கு அப்போதே ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட இலக்கியம் இருந்தது, எஸ்தோனியனுக்கு ஏடு என்று பெரிதாக எதுவும் இல்லை. பாட்டு இருந்தது. அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "பேசிக்கிட்டே வா தம்பி, கடை திறந்திருக்கும்" என்று அவள் முன்னே நடந்தாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதைத் தாண்டினால் நகரமன்றச் சதுக்கம். கல் பாவிய விரிந்த முற்றம், ஒரு பக்கம் 1404இல் கட்டி முடித்த நகரமன்றம், அதன் கூம்பின் நுனியில் காற்றுக்குத் திரும்பும் வீரன் பொம்மை. ஊர்க்காரர்களுக்கு அது 'கிழத் தாமஸ்'. 1530இலிருந்து ஊரைக் காவல் காக்கிறான் என்பார்கள். சதுக்கத்தின் மூலையில் அக்காவின் கடை.

ராஎ ஆப்தேக், அதாவது நகரமன்ற மருந்துக் கடை. 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இந்தக் கடையின் பேச்சு வருகிறது. அதே கட்டடத்தில் இன்றைக்கும் மருந்துக் கடையாகவே நடக்கிறது. ஐரோப்பாவில் இடம் மாறாமல் நடக்கும் மிகப் பழைய மருந்துக் கடைகளில் ஒன்று. புர்க்கார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறையாக, முந்நூறு வருடத்துக்கு மேல் நடத்தியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கடைக்கு வரும் மூத்த மகனுக்கு யோஹான் என்றே பெயர் வைத்தார்களாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் நமக்குப் பழக்கம்தான். இங்கே அப்பா பெயரே மகனுக்கு.

நுழைந்தவுடன் முன்கட்டில் சாதாரண மருந்துக் கடை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒரு பெரியவருக்கு மாத்திரைப் பட்டையைக் காட்டி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று விரலால் விளக்கிக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் அந்த விரல் கணக்கு அக்காவுக்குப் புரிந்தது. அவள் முப்பத்து நான்கு வருடம் செய்ததும் அதைத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து அறையில் பழைய பொருட்களின் காட்சி. கறுத்த மர அலமாரி, வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், பித்தளைத் தராசு, பெரிய வெண்கலக் கல்வம். பழைய காலத்து மருந்துகள் என்று வைத்திருந்தவற்றில் கருக்கிய தேனீ இருந்தது, மண்புழு இருந்தது. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்புத்தூள் என்று சொல்லியும் அந்தக் காலத்தில் விற்றிருக்கிறார்கள். மருந்தோடு மசாலாவும் திராட்சை மதுவும் இனிப்பும் இந்தக் கடையில் கிடைத்தன. சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்துச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கல்வத்தின் உள்பக்கத்தைக் காட்டினாள். அடியில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாக இருந்தது.

"வலதுகைக்காரன் அரைச்சிருக்கான் பாரு. குழவி எப்பவும் ஒரே பக்கம் அழுத்தும்" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அரைத்தவள்தான். மாத்திரைகள் இப்போதுபோல் பட்டையில் வராத காலம். பீங்கான் பலகையில் களிம்பு குழைப்பார்கள், பெரிய ஜாடியில் மிக்சர் கலக்குவார்கள், வரிசையில் நிற்பவர்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருவார்கள். அலமாரிக் குப்பிகளின் பெயர்களை அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். எல்லாம் லத்தீன் சுருக்கம். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஒரு குப்பி முன்னால் நின்று, "ஓலியம் ரிசினி. நம்ம விளக்கெண்ணெய்டா" என்றாள். அவள் படித்த காலத்து மருந்தியல் புத்தகத்தில் இருந்த அதே பெயர். அறுநூறு வருடக் கடையில் அவளுக்குத் தெரியாத பொருள் பாதி, தெரிந்த பொருள் பாதி. வெளியே வரும்போது முன்கட்டில் இருந்த பெண்ணிடம் தானும் பார்மசிஸ்ட்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருமலுக்குத் தொண்டை மாத்திரை ஒரு பட்டை வாங்கிக்கொண்டோம். இருமல் யாருக்கும் இல்லை. அந்தக் கடையில் ஒரு மருந்து வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

முக்கால் மணி நேரம் நிற்போம் என்று நினைத்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அதனால் மேல் நகரத்தை வேகமாகத்தான் பார்த்தோம். கீழே வணிகர்களின் ஊர், மேலே தூம்பேயா குன்றில் பிரபுக்களின் ஊர். இரண்டும் 1878 வரை தனித்தனி நிர்வாகம், நடுவில் ராத்திரி பூட்டும் கதவு. மேலே ஏற இரண்டு வழி, ஒன்று 'நீட்டுக் கால்', மற்றது 'குட்டைக் கால்'. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் எங்கள் ஊர் நொண்டி நொண்டி நடக்கிறது என்பது அவர்கள் சொலவடை. நீட்டுக் காலில் சரிவு குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதிலேயே ஏறுங்கள்.

மேலே அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம். 1900இல் ரஷ்ய ஜார் ஆட்சி கட்டி முடித்தது, ஐந்து வெங்காயக் குமிழ்க் கோபுரங்கள். அதற்கு நேர் எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் எஸ்தோனிய நாடாளுமன்றம். சுதந்திரம் வந்தபின் 1920களில் பேராலயத்தை இடித்துவிட வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்து, பிறகு இடிக்காமல் விட்டுவிட்டார்கள். விட்டது நல்லது என்றே எனக்குப் படுகிறது. உள்ளே மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்த கிழவிகளுக்கு ஜாரோடு என்ன சம்பந்தம்?

நாடாளுமன்றக் கோட்டையின் மூலையில் 'நெட்டை ஹெர்மன்' கோபுரம். அதன் உச்சியில் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி. ஐம்பது ஆண்டுகள் ஏறக்குறைய அந்தக் கொடியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1989 பிப்ரவரி 24 அன்று சோவியத் கொடியை இறக்கிவிட்டு இதை மறுபடி ஏற்றினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இந்தக் கோபுரத்தடியில் தொடங்கி, லாத்வியாவின் ரீகா வழியாக லித்துவேனியாவின் வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், சுமார் இருபது லட்சம் பேர் விடுதலை கேட்டுக் கைகோத்து நின்றார்கள். அக்கா கோபுரச் சுவரில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துவிட்டு வந்தாள்.

கோஹ்துஓட்சா மேடையிலிருந்து கீழே பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், கோபுரங்கள், அதற்குப் பின்னால் கடல், கடலோரம் எங்கள் கப்பல். கூட்டம் தாங்கவில்லை. அன்று துறைமுகத்தில் இன்னொரு பெரிய கப்பலும் நின்றது. இரண்டு கப்பல் ஜனமும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய நினைத்தால் என்ன ஆகும்! பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம்.

விரு வாசலுக்கு அருகில் ஒரு கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டோம். கறுப்பு ரை ரொட்டி, வெண்ணெய், 'கொஹுகே' என்ற இனிப்பு. கட்டித்தயிரை இனிப்பாக்கி உருட்டி மேலே சாக்லேட் பூசியது, குளிர்ப்பெட்டியில் இருக்கும். பேருந்தில் முன்கதவு வழியாக ஏறி, அங்கே இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டால் சீட்டு ஆகிவிடுகிறது. ஊரில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்களுக்கு 2013இலிருந்து கட்டணமே இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கடலோரச் சாலையில் போய் இறங்கினால் லவுலுவால்யக், பாட்டு மைதானம்.

நாங்கள் போன நேரத்தில் அங்கே எதுவும் நடக்கவில்லை. கீழே வெள்ளையாக ஒரு பிரமாண்டமான வளைவு, 1960இல் கட்டியது, சிப்பியைத் திறந்து வைத்த மாதிரி. அதன் கீழே படிப்படியாகப் பாடுகிறவர்கள் நிற்கும் மேடை. 15,000 பேர் ஒரே நேரத்தில் நின்று பாடலாம். இந்தப் பக்கம் புல்சரிவு, மேலே ஏறிக்கொண்டே போகிறது. நாய்களைக் கூட்டி வந்தவர்கள் நான்கைந்து பேர், பந்து விளையாடும் பிள்ளைகள். சரிவின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இசையமைப்பாளர் குஸ்தாவ் எர்னெசாக்ஸ். அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தோம்.

நான் இந்த இடத்துக்கு வர ஆசைப்பட்டதன் காரணம் இதுதான். எஸ்தோனியாவின் மக்கள்தொகை பதினான்கு லட்சத்துக்குள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பத்து லட்சத்தை ஒட்டி இருப்பார்கள். டேனியர், ஜெர்மானியப் பிரபுக்கள், ஸ்வீடன், ரஷ்ய ஜார், சோவியத் என்று எழுநூறு வருடம் யார் யாரோ ஆண்டார்கள். 1869இல் தார்து நகரத்தில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. ஊர் ஊராகக் குழு அமைத்து, தம் மொழியில் சேர்ந்து பாடுவதற்கென்றே கூடினார்கள். லிடியா கொய்துலா என்ற பெண் கவிஞர் எழுதிய பாட்டு ஒன்று அந்த விழாவிலேயே ஒலித்தது. 'மு இசமா ஒன் மினு ஆர்ம்', என் தந்தை நாடே என் அன்பு. அதற்கு 1944இல் புது மெட்டுப் போட்டவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த எர்னெசாக்ஸ். 1950களில் விழாவில் அந்தப் பாட்டுக்கு இடமில்லை. தேசிய கீதத்துக்கும் தடை. 1960இல் நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தப் பாட்டை, யாரும் கேட்காமலேயே, இந்தச் சரிவில் நின்ற கூட்டம் பாடத் தொடங்கியது. அதன் பிறகு விட முடியவில்லை.

1988 செப்டம்பர் 11 அன்று இந்தப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கூடிப் பாடினார்கள். அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர். நான்கு மாதத்தில், 1989 ஜனவரியில், எஸ்தோனியன் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1991 ஆகஸ்ட் 20 அன்று மறுபடி விடுதலை.

பேரனோடு நடந்து வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அறுபதைத் தாண்டியவர், நிதானமான ஆங்கிலம். எந்த நாடு என்று கேட்டார், எங்கள் மொழியின் பெயரைக் கேட்டார், எத்தனை பேர் பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஏழெட்டுக் கோடி என்றேன். அவர் அதை நம்பாமல் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். 1988இல் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்டபோது, புல்வெளியில் இடதுபக்கம் ஒரு மரத்தைக் காட்டினார். கைக்குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றாராம். அந்தக் குழந்தையின் மகன்தான் இப்போது பந்தை எடுக்க ஓடிக்கொண்டிருந்தவன்.

அக்காவைக் காட்டி இவர் யார் என்றார். அக்கா என்றேன். "ஒதே!" என்றார். இதை எழுத்தில் காட்டுவது கஷ்டம். முதல் எழுத்து 'ஒ' இல்லை. எஸ்தோனிய மொழியில் 'ஓ'வின் தலையில் நெளிகோடு போட்டு எழுதும் ஓர் உயிரெழுத்து. உதட்டைக் குவிக்காமல், நாக்கைப் பின்னால் இழுத்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாயில் நுழையாத எழுத்து என்று சொல்லி, எங்களையும் சொல்லச் சொன்னார். நான் 'ஒதே' என்றேன், தப்பு. அக்கா ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கையைத் தட்டினார்.

எப்படி என்று கேட்டால், "நாம காசு, பாட்டுன்னு சொல்றப்ப கடைசியில வருதே, அதானே" என்றாள். குற்றியலுகரம்! உதடு குவியாமல் குறுகி ஒலிக்கும் அதே உகரம், வாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் அவர்களுடைய எழுத்து. பள்ளிக்கூடத்தில் நாடு, பாக்கு, வரகு என்று மனப்பாடம் செய்தது தாலினில் வந்து கைகொடுத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இருபது நிமிடமும் நாங்கள் இலக்கணம்தான் பேசினோம். அவர்களுக்குப் பதினான்கு வேற்றுமை, நமக்கு எட்டு. இரண்டு மொழியும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். தாலின்னஸ் என்றால் தாலினில். தாலின்னஸ்த் என்றால் தாலினிலிருந்து. தாலின்னகா என்றால் தாலினோடு. ஆண்பால் பெண்பால் என்ற பேச்சே அவர்கள் மொழியில் இல்லை, அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அம்மாவுக்கு 'எமா'. இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் கால்டுவெல் 1856இலேயே திராவிட மொழிகளை பின்னிஷ் வகை மொழிகளோடு ஒப்பிட்டார். இன்றைய மொழியறிஞர்கள் இரண்டும் உறவு என்று ஏற்பதில்லை. எனக்கும் உறவு தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கோலமும் நம் வீட்டுக் கோலமும் ஒரே புள்ளியில் தொடங்கியிருந்தால் வரும் சந்தோஷம் அது.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் வெட்கப்படவே இல்லை. நின்ற இடத்திலேயே, மேடையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் முதல் வரிகளைப் பாடினார். மெதுவான மெட்டு, தாலாட்டுக்கும் பிரார்த்தனைக்கும் நடுவில். பேரன் பந்தோடு வந்து, பாட்டி பாடுவது வழக்கம்தான் என்பதுபோல் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரியில் சேர்ந்துகொண்டான்.

திரும்பும் பேருந்து வரப் பதினைந்து நிமிடம் ஆனது. அக்கா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரு நிறுத்தத்தில் இறங்கித் துறைமுகம்வரை வேகமாக நடந்து, நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கப்பல் ஏணியில் கால் வைத்தோம்.

நான்காம் நாள், மாலை

ஐந்து மணிக்குச் சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் நிற்கிறோம். ஓலெவிஸ்தே கோபுரம் கடைசிவரை கூடவே வருகிறது. கிழக்குப் பக்கம் கரையோர மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு மேடு தெரிந்தது. பாட்டு மைதானத்து வளைவின் முதுகு என்று நினைக்கிறேன். அக்காவிடம் காட்டினேன். அவள் தொண்டை மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். மூலப்பொருள், அளவு, எச்சரிக்கை எல்லாம் எஸ்தோனியனில். பத்து லட்சம் பேருக்காக அச்சடித்த தாள். மருந்தின் பெயரை மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

நாளை ஹெல்சின்கி, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், 80 கிலோமீட்டர்தான். எஸ்தோனிய தேசிய கீதத்துக்கும் பின்லாந்து தேசிய கீதத்துக்கும் ஒரே மெட்டு. தம் கீதத்துக்குத் தடை இருந்த காலத்தில், தாலின்காரர்கள் ராத்திரி பின்லாந்து ஒலிபரப்பு முடியும்போது வரும் அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். அந்த அம்மா சொன்னார்.

கதவில் தாள் வந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், இன்று கடிகாரத்தைத் தொட வேண்டாம்.